சிறுமியர் பாவனையும் வாய்மையும்

இல்லறத்தார்க்கு மக்கட்பேறு பெரும்பேறென்பது யாவர்க்கும் உடம்பாடாம். ஆயின், அம்மக்களை வளர்க்குமிடத்து நாடோறும் எழும் ஐயங்களுள் ஒன்று, சிறியதுபோலத் தோன்றினும், ஆராயுந்தோறும் ஆழமுடையதாகக் காணப்படுகின்றது. குழந்தை தன் உள்ளத்திற் படைத்துக்கொண்ட ஒன்றை உள்ளதாகக் கூறுங்கால், அது பொய்யாமோ? பொய்யெனின், பெற்றோர் அதனைக் கடிதல் வேண்டும். பொய்யன்றெனின், அதனை யாதென்று கொள்வது? இவ்வினாவை ஈண்டுச் சித்தாந்த நெறிபற்றி ஆராயப் புகுகின்றேம். நூலாராய்ச்சி வேட்கை ஒன்றே பற்றிப் புகுந்தேமல்லேம். எம் இல்லத்தில் யாம் இழைத்த பிழையொன்று இதற்குக் காரணமாகலின், அதனை முன்னர்க் கூறுதும்.

எமக்குப் பெண்மக்கள் இருவர். 1996ஆம் ஆண்டில் மூத்தவளுக்கு 8 வயது. இளையவளுக்கு 5 வயது. கொல்லைப்புறமே அவர்தம் உலகம். கொட்டாங்கச்சியில் மணற்சோறு, பூவரச இலையிற் பீப்பி, செங்கற்றுண்டுகளாற் கோயில், புளியங்கொட்டை பதித்துத் திருமதில். அக்கோயிலுக்கு நாட்பூசையும் உண்டு, தேரோட்டமும் உண்டு, வாழைமட்டையே தேர். இவையன்றிக் கிணற்றினுள் ஒரு பாட்டி வாழ்கின்றாள் என்பதும் அவ்விருவர்தம் துணிபு. அவளுக்கு எட்டுக் கைகள். இரண்டு கையால் தோசை வார்ப்பாள்; இரண்டு கையாற் பூத்தொடுப்பாள்; எஞ்சியவற்றால் நீரூற்றின் கண்ணை அடையாமற் காத்திருப்பாள். கோடையிற் கிணறு வற்றினால், பாட்டி ஊருக்குப் போயிருக்கின்றாள் என்பர்.

ஒருநாட் பிற்பகலில் அடுக்களையிற் சோறு குறைந்திருத்தல் கண்டு மனையாள் வினவினாள். மூத்தவள் சிறிதும் தயங்காது, “கிணற்றுப் பாட்டிக்குக் கொடுத்தோம். அவளுக்குப் பசி” என்றாள். யாம் அப்பொழுது பாடஞ்சொல்லி மீண்ட அயர்வில் இருந்தேம். களவும் பொய்யும் ஒருங்கே நிகழ்ந்தனவென்று கொண்டு, பிரம்பை எடுத்து, உண்மையைச் சொல்லென்றேம். அவள் முன் சொன்னதனையே சொன்னாள். ஒருமுறை அடித்தேம். இளையவள் அழுதுகொண்டே கொல்லைப்பக்கம் கைநீட்டி, “அப்பா, அதோ பாருங்கள்” என்றாள். யாம் பார்த்திலேம்.

பின்னர் மனையாளே சென்று கண்டாள். துவைகல்லின் அருகே வாழையிலைக் கிழிசலில் ஒருபிடிச் சோறு. நடுவே ஒரு செம்பருத்திப் பூ. காக்கையும் அணிலும் உண்டதுபோக எஞ்சியது. அன்றுமுதல் மூத்தவள் எம்முன் கிணற்றுப் பாட்டியைப்பற்றிப் பேசினாளில்லை. வேறெந்தக் கதையும் பேசினாளில்லை. கேட்டதற்கு விடை கூறுவாள். அதுவும் அளவாகவே கூறுவாள். அதனை ஒழுக்கத்தின் முதிர்ச்சியென்றே கொண்டு யாம் பல்லாண்டு மகிழ்ந்திருந்தேம்.

இனி ஆராய்ச்சியிற் புகுவாம். யாம் அன்று கொண்டதே பூர்வபக்கமென்க. அஃதாவது, உள்ளதனை உள்ளவாறு கூறல் மெய். இல்லதனை உளதாகக் கூறல் பொய். கிணற்றினுட் பாட்டி இல்லையாகலின், உளளென்ற கூற்றுப் பொய்யேயாம். பொய் இளமையிற் கடியப்படாவிடின் முதுமையில் வேரூன்றும் என்பது.

அற்றன்று. திருவள்ளுவர் வாய்மையென்னும் அதிகாரத்து, பிறர்க்குத் தீங்கு பயவாமையையே வாய்மைக்கு இலக்கணமாக வைத்தார்; நிகழ்ந்தது கூறுதல் என்னும் அளவில் நிறுத்தினாரல்லர். பொய்யாவது பிறரை மயக்கித் தனக்கொரு பயன் கொள்ளும் கருத்தோடு கூறப்படுவது. ஆகலின், அது மறைவிடம் நாடும், ஆராயப்புகுவாரை அஞ்சும். சிறுமியர் கூற்றோ எம்மை வந்து காணுமாறு அழைத்தது. மறைக்க எண்ணியவள் அதோ பாருங்களெனக் கைநீட்டுவளோ?

அற்றேல், குழந்தைகள் பொய்யே கூறாரோவெனின், கூறுவர். அதுவும் எம் இல்லத்தே நிகழ்ந்தது. பின்னொருகால் இளையவள் ஊறுகாய்ச் சாடியை உடைத்துவிட்டு, கிணற்றுப் பாட்டி உடைத்தாளென்றாள். ஈண்டுப் பாட்டி மாறவில்லை. சொன்னவள் கருத்தே மாறியது. பாவனையின் ஆடையைப் பொய் உடுத்து வந்தமை இது. மனையாள் வைதாளில்லை. “பாட்டிக்கு வயதாகிவிட்டது. குனிய மாட்டாள். அவளுக்காகச் சில்லுகளை யார் பொறுக்குவது?” என்று மட்டும் வினவினாள். சிறுமி சிறிதுபோழ்து நின்று, “நான்தான் உடைத்தேன்” என்றாள். பாட்டியை அழிக்காமலே பொய்யை அழித்த இம்முறை, ஏடு பல கற்ற எமக்குத் தோன்றிற்றில்லை.

இனி, இல்லதனைப் படைத்தல் என்பதுதானும் பொருந்தாது. என்னையெனின், சித்தாந்தம் சற்காரியவாதம் உடையது. இல்லது தோன்றுதலும் உள்ளது முற்றும் அழிதலும் இல்லையென்பது எம்மனோர் கோட்பாடு. உலகினைக் கயிற்றில் அரவென ஒதுக்கும் மாயாவாதியை மறுத்து, மாயை உள்பொருள், அதன் காரியமாகிய உலகும் உள்பொருளே என நாட்டியவர் நம் ஆசிரியர். குழவியுள்ளம் படைப்பனவும் இம்முறைக்கு விலக்கல்ல. எட்டுக் கைகள் கோயிற்கோட்டத்துக் கொற்றவைபாற் கண்டவை. தோசை தாய்பாற் கண்டது. வற்றுதலும் ஊறுதலும் கிணற்றிற் கண்டவை. பாட்டியின் பசியோ, தன் பசியிலிருந்து பிறர் பசியை உய்த்துணர்ந்தது. இவ்விறுதியதனை யாம் ஆயிரம் பாடஞ்சொல்லியும் புகட்டல் அரிது. அதனைத் தானே கண்டறிந்த நாளில் அவள் பெற்றது பிரம்படி.

தனு கரண புவன போகங்கள், ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்கு, விடியுமளவும் விளக்குப்போல உதவுமாறு இறைவனால் தரப்பட்டவை. மனம் முதலிய அந்தக்கரணங்கள் நான்கும் இவ்விளக்கின் பாற்படும். சிறுவர் விளையாட்டு இவ்விளக்கின் திரியைத் தூண்டிப் பழகுதலாம். புகைகின்றதென்று திரியைத் திருத்துவதன்றி, விளக்கையே அவிப்பார் உளரோ?

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. பளிங்கு தன்னையடுத்த நிறத்தைக் காட்டுமாறு போல, அது தான் பற்றியதாகவே நிற்கும். நஞ்சு தீர்க்கும் மாந்திரிகன் கருடனைப் பாவித்து நிற்க நஞ்சு நீங்குதலை, சிவோகம்பாவனைக்கு உவமையாகச் சித்தாந்த நூல்கள் எடுத்தோதும். சிறுமியர் விளையாட்டு அப்பாவனையோடு ஒக்குமெனக் கூறினேமல்லேம். பசுகரணத்தாற் செய்யும் பாவனை சிவத்தை எட்டாது. அருள்வழி நின்று நிகழ்வதே பயன்றரும். ஆயினும், பாவித்தலென்னும் ஆற்றலே இளமையில் நசுக்கப்பட்ட உள்ளம், பிற்காலத்து அருள்வழி நிற்றற்கு எதனைக் கருவியாகக் கொள்ளும்? பூசலார் நாயனார் பொருள் கிடையாத நிலையில், திருநின்றவூரில் தம் உள்ளத்தே கல்லும் மரமும் தொகுத்து, மதிலும் குளமும் வகுத்து, கோயில் எடுத்துக் குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். பல்லவ வேந்தன் காஞ்சியில் எடுத்த கற்றளியினும் முந்துற அதனையே இறைவன் ஏற்றருளினான். அக்கோயிலைப் பொய்யென்பார் சைவருள் எவருமிலர்.

சார்ந்ததன் வண்ணமாதலென்னும் இதனாலேயே பெற்றோர் கடமையும் பெறப்படும். உயிர் எதனையும் பற்றுமாகலின், பற்றுதற்குரியன எவையென ஆய்ந்து தருதல் நம் கடன். அச்சமும் பகைமையும் ஊட்டும் கதைகளால் நிறைந்த உள்ளம் அவ்வண்ணமே ஆகும். கதையை விலக்குதலன்று, நற்கதையை வைத்தலே முறை.

பெரியபுராணத்துள் மகவின்மேற் கோலெடுத்த தந்தையர் இருவரைக் காண்கின்றேம். சீகாழியில், 3 வயதுப் பிள்ளையின் கடைவாயிற் பால் ஒழுகக்கண்ட சிவபாதவிருதயர், பால் கொடுத்தவர் யாவரெனச் சினந்து கோலோச்சினார். பிள்ளை விரலாற் சுட்டிக் காட்டியது. ஓச்சிய கோல் பிள்ளைமேல் விழுந்திலது. திருச்சேய்ஞலூரில், மண்ணியாற்றங்கரை ஆத்தியின்கீழ் விசாரசருமர் மணலாற் கோயிலும் இலிங்கமும் அமைத்துப் பாலாட்டினார். அதனை வீண்செயலென ஊரார் கூறக்கேட்ட எச்சதத்தன், மைந்தனைக் கோலால் அடித்துப் பாற்குடத்தையும் காலால் இடறினான். பசுக்களுக்குரியோர்க்குப் பால் சிறிதும் குறைந்திலது என்பதனை அவன் ஆராய்ந்தானில்லை. எம் அடுக்களையிற் குறைந்தது ஒருபிடிச் சோறு. அதனை ஆராயாத யாம் இவ்விருவருள் யார் வழி நின்றேமென்பது வெளிப்படை.

அவர்கள் தவப்பயனாற் றோன்றிய அருட்குழவிகள். நம் மக்கள் எளியரன்றோவெனின், அத்தந்தையர்க்கும் அது முன்னரே தெரிந்திலது என விடுக்க. உயிர் அனாதி. பெற்றோர் அதனை ஆக்கினாரல்லர். தன் வினைவழி வந்து சிலகாலம் நம் இல்லத்தே தங்குவது அது. அதன் முதிர்ச்சி எத்தகையதென்று அளந்தறிதல் நம்மால் ஆவதன்று.

சகலாகம பண்டிதரெனப் பெயர்பெற்ற அருணந்தி சிவாசாரியர், இளம்பிள்ளையாகிய மெய்கண்டாரை அடைந்து, ஆணவத்தின் வடிவு யாதென வினவினார். பிள்ளை அவர் நின்ற நிலையையே சுட்டிக் குறிப்பாற் காட்டிற்றென்பது வரலாறு. அதனைப் பல்லாண்டு பாடஞ்சொல்லி வந்தேம். பிரம்போடு நின்ற எம் நிலையே அவ்வினாவிற்கு விடையென்பது அண்மையிற்றான் புலனாயிற்று.

மூத்தவள் தன் 6 வயது மகளோடு எம்மில்லம் வந்திருந்தாள். பூசையறை மணிக்குள் ஒருவன் உறங்குகின்றான் என எம்மிடம் சொல்லத் தொடங்கிய அச்சிறுமியை அவள் மெல்ல இழுத்து, “தாத்தாவிடம் இதெல்லாம் சொல்லாதே” என்றாள். சினத்தோடு கூறினாளல்லள், தன் மகளைக் காக்கும் பரிவோடு கூறினாள். யாம் அச்சிறுமியை அழைத்து, உறங்குபவனை எழுப்பாமல் மணியடிப்பது எவ்வாறென வினவினேம். அவள் தாயின் முகத்தை நோக்கினாள். தாய் நெடும்பொழுது வாளாவிருந்து, பின்னர்த் தலையசைத்தாள்.

ஆகலின், மக்களையுடைய மெய்யன்பர்களுக்கு யாம் கூறுவது இதுவே. குழந்தை பொய் கூறிற்றெனத் தோன்றுமிடத்து, சினத்தின்முன் ஆராய்ச்சியை நிறுத்துக. அதனால் யாருக்குத் தீங்கு, யாருக்குப் பயன் என்று வினவுக. எல்லாவற்றினும் முன்னர், அக்குழந்தை கைநீட்டும் திசையை ஒருமுறை நோக்குக.

திருச்சிற்றம்பலம்.