சிலைக்கு மாலை, கைம்பெண்ணுக்கு மூலை

வீரமங்கை வேலு நாச்சியாருக்கு 2008-ல் அஞ்சல்தலை வெளிவந்தது; 2014-ல் சிவகங்கையருகே நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. மேடைதோறும் அவர் வாளின் புகழ் பாடுகின்றனர். பாடட்டும், மகிழ்ச்சியே! ஆனால் அந்த வாளை ஏந்திய கை, ஒரு கைம்பெண்ணின் கை என்பதை மட்டும் எவரும் உரைப்பதில்லை.

அவர் இராமநாதபுரம் சேதுபதி குலத்தில் பிறந்தவர். அக்குலத்தில் 1710-ல் கிழவன் சேதுபதி மறைந்தபோது, மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாகப் பாதிரிமார் மடல் கூறும். மரபு காட்டிய வழி அது! 1772-ல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். வேலு நாச்சியார் தீயை நாடினாரா? இல்லை. வெள்ளைச் சேலையுடன் இருட்டறையில் முடங்கினாரா? அதுவும் இல்லை. மகளை அழைத்துக்கொண்டு நம் திண்டுக்கல் சீமைக்கு வந்தார். விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் புகலிடம் தந்தார். திண்டுக்கல் கோட்டை அந்நாளில் மைசூரின் வசம்; ஐதர் அலி துணை நின்றார். மதம் கேட்டா உதவினார் அந்த மாமனிதர்? கைம்பெண்ணின் முகத்தில் விழித்தோமே என்று அஞ்சினாரா? எட்டாண்டுகள்! படை திரட்டவும் துணை தேடவும் கழிந்த அந்த ஆண்டுகளை, ஒரே நாளில் முடியும் போரைக் காட்டிலும் பெரிதென்பேன். 1780-ல் மருது சகோதரர்களுடன் சென்று சிவகங்கையை மீட்டார். அரியணை ஏறி ஆண்டார்.

இத்தகையவரின் சிலைக்கு மாலையிட்டுத் திரும்புகிற பெரியவர், மறுநாள் கடைக்குப் புறப்படுகையில் எதிரே ஒரு கைம்பெண் வரக் கண்டால் என்ன செய்கிறார்? சகுனம் சரியில்லையென வீட்டுக்குள் திரும்பி, ஒரு வாய் நீர் அருந்தி, மீண்டும் புறப்படுகிறார். வேலு நாச்சியாரே எதிரே வந்தாலும் அந்த ஒரு வாய் நீர் உண்டு அன்றோ!

“அவர் அரசி; அவருக்கு விதி வேறு” என்பர் சிலர். அப்படியாயின் நீவிர் வணங்குவது அரியணையை. பெண்ணின் நெஞ்சுரத்தை அன்று.

கைம்பெண் மறுமணத்துக்கு 1856-லேயே சட்டம் வந்தது. 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு அதனை ஆதரித்துத் தீர்மானம் இயற்றிற்று. சட்டம் வந்தது; வாசற்படியோ இன்னும் பல இல்லங்களில் வழிவிட மறுக்கிறது. பத்துத் திங்கள் சுமந்து பெற்ற மகளுக்குத் தாலி கட்டும் வேளையில், தாய் அடுக்களைக் கதவோரம் நிற்கிறாள். பெற்றவள் தொட்டால் மங்கலம் கெடுமாம்! சிலைக்கு மலர் தூவிய கைகளே, அடுத்த முகூர்த்தத்தில் அந்தத் தாயை மணவறைக்கு அழைத்து, தாலியை எடுத்துக் கொடுக்கச் சொல்வீரா?