நீசான் மாதமும் குறைக்கப்பட்ட துதியும்

வசந்தத்தில் வரும் நீசான் யூதர்தம் விடுதலை மாதம். எகிப்தின் அடிமைத்தளையினின்று முன்னோர் மீண்டதை நினைவுகூரும் பஸ்காப் பெருவிழா அதன் 15ஆம் நாள் தொடங்கும். அன்று 113 முதல் 118 வரையான சங்கீதங்கள் முழுமையாகப் பாடப்படும். கடல் பிளந்து வழிவிட்டதாகக் கருதப்படும் ஏழாம் நாளிலோ அத்துதி குறைத்தே பாடப்படுகின்றது.

சட்ட விளக்க நூலாகிய தல்மூத் இதற்குத் தரும் காரணம் வறண்டது: பஸ்கா நாள்களின் பலிகள் நாளுக்கு நாள் வேறுபடுவதில்லை என்பதே அது. மக்கள் மனத்தில் நிலைத்த காரணம் பிறிது. அன்று மூழ்கி மாண்ட எகிப்தியரும் இறைவன் படைப்புகளே. அவர்கள் மூழ்குகையில் பாட முனைந்த வானதூதரை இறைவன் கடிந்துகொண்ட கதையும் தல்மூதிலேயே உண்டு.

ஆயின், பகைவர் அமிழ்ந்ததைப் போற்றும் மோசேயின் பாடல் அதே காலையில் தொழுகைக்கூடத்தில் முழுமையாக வாசிக்கப்படுவது நோக்கற்பாலது. இதனை முரண் என ஒதுக்குதல் எளிது. யான் அவ்வாறு கருதவில்லை. கரையேறிய அடிமை பாடாதிருத்தல் இயலாது. அவனைக் கடிந்ததாக அக்கதை கூறவுமில்லை. கடியப்பட்டோர் நுகம் சுமந்தறியாத வானவரே. அவ்வாறாயின், நுகத்தைக் கேள்வியால் மட்டுமே அறிந்த பின்வந்த தலைமுறையினர் இவ்விருவருள் எவர் பக்கம் நிற்பர்? ஆண்டுதோறும் முழுப் பாடலையும் குறைத்த துதியையும் ஒரே காலையில் ஓதுவோர் இவ்வினாவைத் தீர்க்காமலே வைத்திருக்கின்றனர்.