ஆறாத காயமும் தீராத கடனும்



அல்லாஹ் தஆலா நமக்களித்த அமானிதங்களில் நம் உடலும் ஒன்று. பிறரால் அதற்கு நேரும் சேதத்துக்கு நஷ்டஈடு பெறுவதை ஷரீஅத் தர்மமாகக் கருதவில்லை, ஹக்காகவே வகுத்திருக்கிறது. தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் 'தியத்' உண்டென்று திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் விதிக்கிறது. கண்ணுக்கும் கைக்கும் விரலுக்கும் உரிய ஈட்டை ஃபிக்ஹு நூல்கள் தனித்தனியே கூறுகின்றன.

அந்த ஈட்டை எப்பொழுது முடிவு செய்வது? முழங்காலில் கொம்பால் குத்தப்பட்ட ஒருவர், உடனே பழிக்குப் பழி வாங்கித் தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார். காயம் ஆறட்டும் என்றார்கள் நபியவர்கள். அவரோ அவசரப்பட்டுப் பெற்றுக்கொண்டார். பின்னர் கால் முடமாயிற்று. மீண்டும் கேட்க வழியில்லாமற் போயிற்று. காயம் ஆறுமுன் கணக்கை முடிக்கலாகாது என்பதே இந்த ஹதீஸ் நமக்குத் தரும் படிப்பினை.

இப்பொழுது போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. உறங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் நுரையீரல் நோயோடும் கண் நோயோடும் காலம் தள்ளலானார்கள். 1985-ல் ஒரு சட்டத்தின் மூலம் அவர்கள் அனைவருக்காகவும் வழக்காடும் பொறுப்பை மத்திய அரசே ஏற்றது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு வழக்கு சமாதானமாக முடிக்கப்பட்டது. பிறகு ஈடு பெறத் தகுதியுடையோர் 5 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல் என்று தெரிய வந்தது. பெரும்பாலோருக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். 2004-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மீண்டும் அதே அளவு. கூடுதல் ஈடு கோரி அரசு தொடுத்த மனுவும் 2023 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. பாதிக்கப்பட்டோருக்காக இன்ஷூரன்ஸ் எடுக்காமல் விட்டது அரசின் பெரும் அலட்சியம் என்றும் நீதிமன்றம் கூறிற்று.

முழங்காலில் அடிபட்டவராவது தாமே அவசரப்பட்டார். போபால் மக்களோ அவசரப்படவில்லை; அவர்களுக்காக வலீயாக நின்றவர் அவசரப்பட்டார். அநாதையின் பொருளை அநியாயமாக விட்டுக்கொடுக்க வலீக்கு உரிமை ஏது? குறைந்ததை ஈடுசெய்யும் பொறுப்பு வலீயின் கழுத்திலேயே இருக்கிறது.

செய்ய முடியாத காரியமுமன்று. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் புழுதியால் நோயுற்ற தீயணைப்போருக்கும் குடிமக்களுக்கும், 2090 வரை மனுச் செய்ய 2019-ம் வருடச் சட்டம் இடமளித்திருக்கிறது. நோய் தாமதமாக வரும் என்பதை அச்சட்டம் உணர்ந்திருக்கிறது.

பிறரைக் காக்கப்போய்த் தம்மை இழந்தவர்களையும் நாம் மறக்கலாகாது. போபால் ரயில் நிலையத்தில் அன்றிரவு பணியிலிருந்த துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர், பயணிகள் நிறைந்த ரயிலை நேரத்துக்கு முன்பே அனுப்பிவிட்டு, தாம் அங்கேயே நின்று உதவினார். அந்த வாயுவால் நோயாளியாகி 2003-ல் காலமானார். இத்தகையோரின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறதென்று நாம் சொல்கிறோம், உண்மைதான். ஆனால் அல்லாஹ் தரும் கூலி நம் கடனை அடைத்துவிடாது.

ஆகவே, நஷ்டஈடு கேட்டு அலைபவரை 'பொறுமையற்றவர்' என்று ஏசாதீர்கள். ஹக்கைக் கேட்பது ஸப்ருக்கு முரணன்று. அவர்களுடைய மனுவை எழுதிக் கொடுங்கள். வைத்தியச் சீட்டுகளைப் பத்திரப்படுத்த உதவுங்கள். அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். உங்களிடம் வேலை செய்து நோயுற்றவர் இருந்தால், அவருடைய கணக்கை முதலில் தீருங்கள்.

அடியார்களின் ஹக்கை அடியார்களே மன்னிக்க வேண்டும் என்பதை உணர்ந்து நடக்க, வல்ல அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.