பாடவேளை ஒன்று

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. பள்ளிகளில் சாய்தளமும் வந்தது. (சில இடங்களில் அதன்மேல் பைக் நிற்கும், அது வேறு கதை.) வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார், பிள்ளையைத் தனியே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார், அடுத்த பள்ளிக்கு பஸ் பிடிப்பார். வகுப்பாசிரியரோடு பேச நேரமிருக்காது. "போர்டுல எழுதிக்கிட்டே பேசாதீங்க டீச்சர், இவன் உங்க உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிறான்" என்ற ஒரு வரி சொல்லப்படாமலே ஒரு பருவம் போய்விடும். தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் சமத்துவம் பற்றி முழங்குவதைவிட, அந்த இருவரும் உட்கார்ந்து பேச ஒரு பாடவேளை ஒதுக்கித் தரலாம். அந்த நேரத்தில் வகுப்பை யார் பார்ப்பது என்பார்கள். தலைமையாசிரியரே பார்க்கலாமே!