ஒரு மாட்டுக்கு எண்பது கோழி

2020 செப்டெம்பரில் இலங்கை அமைச்சரவை மாடறுப்பைத் தடைசெய்யக் கொள்கையளவில் இணங்கியது. அன்றைய பிரதமர் மகிந்த ராஜபக்ஷ கொண்டுவந்த யோசனை அது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில், அதற்கு வேண்டிய சட்டத் திருத்தங்களுக்கும் ஒப்புதல் கிடைத்தது. தீர்மானத்தில் இன்னொரு வாசகமும் ஒட்டிக்கொண்டிருந்தது: மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறைச்சி இறக்கிச் சலுகை விலையில் கொடுக்கலாம். மாடு சாகலாம், நம் கண் காணாத ஊரில் சாகட்டும் என்பதுதானே இதன் அர்த்தம்? கேலி செய்வது சுலபம். ஆனால் அரசாங்கத்தின் வாசகத்தில் கிடக்கும் அதே முடிச்சு நம்மில் பலருடைய சாப்பாட்டுத் தட்டிலும் கிடக்கிறது. உயிர்மேல் இரக்கப்பட்டு மாட்டை விட்டவர்களில் மிகப் பலர் இறைச்சியை விடவில்லை, கோழிக்கு மாறிக்கொண்டார்கள். இரக்கத்தின் பேரேட்டில் அந்த மாற்றத்தை வரவில் வைப்பதா, செலவில் வைப்பதா?

புத்தளத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் வில்பத்துக் காடுமாகக் கிடக்கும் வண்ணாத்திவில்லுப் பகுதியில் இந்தக் கேள்வி வெறும் தத்துவமாக நின்றுவிடுவதில்லை. சிங்கள பௌத்தரும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துத் தமிழரும் ஒரே சந்தையில் சாமான் வாங்கும் கரையோரம் இது. இப்படிப்பட்ட ஊரில் எல்லாரையும் அழைத்து விருந்து வைப்பவருக்குத் தெரிவு அதிகமில்லை. பன்றி முஸ்லிமுக்கு ஆகாது. மாடு இந்துவுக்கு ஆகாது, பௌத்தர் பலருக்கும் ஒவ்வாது. ஆகவே சட்டியில் வேகுவது கோழி. பெரிய வெள்ளிக்கும் தவக்கால வெள்ளிக்கும் இறைச்சி விலக்கும் கத்தோலிக்கர் அன்று கோழியையும் விலக்குவார்கள், மீனுக்குத் தடையில்லை. மற்ற நாட்களில் அவர்களுக்கும் கோழி சம்மதமே. 2013 இல் ஹலால் முத்திரைக்கு எதிராகப் பெரும் கூச்சல் எழுந்து, அந்த மார்ச்சில் ஜம்இய்யத்துல் உலமா சபை உள்நாட்டுப் பொருட்களிலிருந்து முத்திரையை எடுக்க இணங்கிய நாட்களில்கூடக் கோழி பந்தியை விட்டுப் போகவில்லை. நல்லிணக்கம் என்று நாம் மெச்சிக்கொள்ளும் ஏற்பாட்டின் விலையைக் கோழிதான் கட்டுகிறது. எத்தனை கோழி என்று கேட்கத் தொடங்கும்போதுதான் சங்கடம் வருகிறது.

சத்துக் கணக்கிலிருந்து தொடங்கலாம். தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சிறைச்சி 100 கிராமில் புரதம் ஏறத்தாழ 31 கிராம், கொழுப்பு 4 கிராமுக்குள். அதே கோழியின் தொடையில் புரதம் 26 ஆக இறங்கிக் கொழுப்பு 10 ஐத் தாண்டுகிறது. கொழுப்புச் சீவிய மாட்டுச் சதையில் புரதம் 26 முதல் 29 வரை. எனவே புரதத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். கோழித் தொடையைக் கடித்துக்கொண்டே மாட்டுக் கொழுப்பைப் பழிப்பதிலும் நியாயமில்லை. உண்மையான இடைவெளி வேறு இடத்தில் இருக்கிறது. மாட்டில் இரும்பு இரண்டரை முதல் மூன்று மில்லிகிராம், கோழி நெஞ்சில் ஒன்று. துத்தநாகம் அங்கே ஐந்துக்கு மேல், இங்கே ஒன்றை ஒட்டி. விட்டமின் பி12 மாட்டில் எட்டு மடங்கு. ஈரலில் மட்டும் இரும்புக் கணக்கு புரண்டுவிடுகிறது. சமைத்த கோழி ஈரல் 100 கிராமில் 11 மில்லிகிராம் அளவு இரும்பு உண்டு, மாட்டீரலில் ஆறோ ஏழோதான். ஆனால் ஒரு கோழியின் ஈரல் முப்பது நாற்பது கிராமுக்கு மேல் நிறுக்காது. அந்த நூறு கிராமுக்கு மூன்று கோழி போக வேண்டும்.

சத்து அட்டவணைகள் எல்லாம் நூறு கிராமுக்குக் கணக்குச் சொல்கின்றன. சமயம் கேட்கும் கேள்வியோ உயிரைப் பற்றியது. ஆகவே அதே அட்டவணையை உயிருக்கு இவ்வளவு என்று மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும். நம் வரண்ட பிரதேசத்துப் பட்டி மாடு சிறிய உடம்புக்காரி. உயிர் எடை 200 கிலோ என்றால் தோலும் குடலும் எலும்பும் போகச் சுமார் 80 கிலோ சதை தேறும். இரண்டு கிலோப் புரொய்லர் கோழியில் எலும்பில்லாமல் ஒரு கிலோ கிடைத்தாலே அதிகம். அதே அளவு புரதத்துக்கு ஒரு மாட்டின் இடத்தில் எண்பது கோழி சாகிறது. அதே அளவு இரும்புக்கு இருநூறு. பி12 க்கு அறுநூறுக்கு மேல். இரும்புக்காகவும் பி12 க்காகவும் கோழி தின்பவர் யார் என்று கேட்கலாம், நியாயம்தான். மீனும் முட்டையும் பாலும் பயறும் கிடைக்கிற ஊரில் இரண்டு இறைச்சியுமே கட்டாயமில்லை. ஆனால் அந்தப் பதில் இறைச்சியையே கைவிடச் சொல்லும் பதில். மாட்டை விட்டுக் கோழிக்கு வருவதற்கு அதில் ஆதரவு கிடையாது. நாட்டின் கோழியிறைச்சி உற்பத்தி இன்று ஆண்டுக்கு இரண்டு லட்சம் தொன் அளவில் நிற்கிறது. பறவைக்கு ஒன்றரைக் கிலோ என்று வகுத்தால் 13 கோடி உயிர்.

எண்ணிக்கையை வைத்து அறம் பேசினால் கூனி இறாலைத் தின்பவன்தானே மகாபாவி என்று யாரும் மடக்கலாம். புத்தளம் களப்போரத்தில் இது விளையாட்டுக் கேள்வியும் இல்லை, ஒரு பிடி கூனியில் நூற்றுக்கணக்கான உயிர் இருக்கிறது. எண்ணிக்கை மட்டும் போதாது, உயிரின் தரமும் சேர வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் இதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல் உயிர்களை அறிவு வாரியாக அடுக்கும்போது எறும்பை மூன்றறிவிலும் வண்டை நான்கறிவிலும் நிறுத்துகிறது. விலங்கையும் பறவையையும் பிரிக்காமல் ஐந்தறிவில் ஒன்றாக வைக்கிறது. சமணர் எழுதிய இலக்கணம்தானே என்று தள்ளிவிட முடியாது, கொல்லாமையைச் சமணரைவிட நுணுக்கமாக எண்ணிப் பார்த்தவர்கள் இந்த மண்ணில் இல்லை. கோழிக்கு வலி தெரியும், பயம் தெரியும், தன் குஞ்சு தெரியும். மாட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கா, ஐந்து மடங்கா? கோழிக்கு மாறியது இரக்கம் என்று சொல்ல வேண்டுமானால் எண்பது மடங்கு என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

பௌத்த உரை மரபிலிருந்து வரும் மறுப்பு இதைவிடக் கனமானது. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்து எழுதிய புத்தகோசர், விலங்குகளுக்குள் சிறிய உடம்பைக் கொல்வதில் குற்றம் குறைவு, பெரிய உடம்பில் கூடுதல் என்கிறார். காரணத்தையும் சொல்கிறார்: பெரியதைக் கொல்ல முயற்சி அதிகம் வேண்டும். பலர் உடம்பின் அளவைப் பிடித்துக்கொண்டு காரணத்தை விட்டுவிடுகிறார்கள். அளவுகோல் முயற்சி என்றால், ஒரு கழுத்தில் கத்தி வைக்கும் முயற்சியையும் எண்பது கழுத்தில் வைக்கும் முயற்சியையும்தான் ஒப்பிட வேண்டும். ஒன்றுக்கு ஒன்று ஒப்பிட்டவரிடம் ஒன்றுக்கு எண்பதற்கான விடையைத் தேட முடியாது. இன்னொரு பக்கம், வாங்கித் தின்பவருக்கு இரண்டிலும் முயற்சியே கிடையாது. பிக்குவுக்கு விதித்த மூன்று தூய்மைகள் ஜீவக சூத்திரத்தில் வருகின்றன: தனக்காகக் கொன்றதைக் காணாமல், கேளாமல், ஐயுறாமல் இருந்தால் பாத்திரத்தில் விழுந்த இறைச்சியை ஏற்கலாம். விநயம் தடுக்கும் பத்து இறைச்சிகளில் யானையும் குதிரையும் பாம்பும் உண்டு, மாடு இல்லை. பிச்சை ஏற்பவருக்கான விதி அது. காசு கொடுத்து வாங்குபவருக்குப் பொருந்துவது வள்ளுவர் புலால் மறுத்தலில் வைத்த வாதம், தின்பதற்கு வாங்குகிறவர் இல்லாவிட்டால் விற்கிறவரும் இருக்க மாட்டார் என்பது. இறக்குமதி மாட்டிறைச்சி வாசகம் இந்த வாதத்தின் முன்னால் ஒரு கணம்கூட நிற்காது.

வாழ்ந்த வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். புரொய்லர் குஞ்சு 35 முதல் 42 நாளில் கத்திக்குத் தயாராகிறது. உமியோ மரத்தூளோ பரப்பிய கொட்டகை, தீனி தின்னட்டும் என்று இரவிலும் எரியும் விளக்கு, நெஞ்சுச் சதை ஏறுகிற வேகத்துக்குக் கால் எலும்பு ஈடுகொடுக்காமல் நொண்டும் பறவைகள். பட்டி மாடு பற்றைக்காட்டிலும் குளத்தோரத்திலும் சில ஆண்டுகள் மேய்ந்து, கன்று ஈன்று, பிறகு சாகிறது. மாட்டை லொறியில் நெருக்கி ஏற்றிக்கொண்டு போவதிலும் மடுவத்திலும் நடக்கிற கொடுமையை இதனால் மறைக்க முடியாது. ஆனால் அந்தக் கொடுமை கடைசி ஓரிரு நாளுக்குரியது, கோழியுடையது பிறந்ததிலிருந்து. 2011 செப்டெம்பரில் நமது புத்தளம் மாவட்டத்து முன்னேஸ்வரத்தில், பத்திரகாளிக்குப் பலியிட வைத்திருந்த ஆடுகளையும் கோழிகளையும் அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களோடு வந்து ஏற்றிப் போனார். கோயிலில் எல்லாரும் பார்க்க வெட்டுவது கொலை, கொட்டகையில் கோடிக்கணக்கில் வெட்டுவது வியாபாரம். கண்ணில் படுகிற இரத்தத்துக்கு மட்டும் பதைக்கிற மனம் அரசியலுக்கு வசதியானது.

மாட்டின்மேல் உள்ள பக்தியைப் பொய் என்கிறேனா? 2013 வெசாக் நாளில் மாடறுப்பை நிறுத்தக் கோரித் தலதா மாளிகை அருகே தீக்குளித்து மாண்ட போவத்தே இந்திரரத்ன தேரரின் உணர்ச்சியில் எவரும் ஐயப்பட முடியாது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வகுத்துக் கொடுத்த சைவ ஒழுக்கமும் அரசியல் கோஷம் கிடையாது. நாவலர் புலாலை முழுவதும் விலக்கச் சொன்னவர், கோழிக்கு விதிவிலக்குக் கொடுத்தவரல்லர். பால் தந்தவள், ஏர் இழுத்தவன் என்ற நன்றி ஓர் உயர்ந்த காரணம். ஆனால் அது கொல்லாமையிலிருந்து வேறுபட்ட காரணம். கொல்லாமை எல்லா உயிருக்கும் உரியது, அதைச் சட்டமாக்க முனைந்தால் கோழிக் கொட்டகையில் தொடங்க வேண்டும். நன்றி, கடன்பட்டவன் தீர்க்க வேண்டியது. இந்துவின் கடனை முஸ்லிமின் சட்டியில் வசூலிக்க முடியாது. ஹஜ்ஜுப் பெருநாள் உழ்ஹிய்யாப் பலியில் ஆடு என்றால் ஒருவர் பெயருக்கு ஒன்று, மாடு என்றால் ஏழு பேர் பங்கு சேரலாம், கோழி ஏற்கப்படாது. உயிரைக் குறைப்பதற்கென்று வகுத்த விதி அதுவல்ல என்றாலும், ஏழு குடும்பத்துக்கு ஒரு உயிர் என்ற கணக்கு அதற்குள் இருக்கத்தான் செய்கிறது.

உடல்நலமும் சூழலும் பேசுகிறவர்களின் மறுப்பு மிச்சமிருக்கிறது. 2015 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சிவப்பு இறைச்சியைப் புற்றுநோய் தரக்கூடிய சாத்தியமுள்ள வகையில் சேர்த்தது. மாடு விடும் மீதேன் வாயு கோழிக்கு இல்லை. புரொய்லர் ஒரு கிலோ ஏற இரண்டு கிலோவுக்கும் குறைந்த தீனி போதும். இவையெல்லாம் சரி, மீதேன் விஷயத்தில் என்னிடம் எதிர்வாதமும் இல்லை. பற்றையில் மெதுவாக வளரும் நம் மாடு அந்தக் கணக்கில் இன்னும் மோசம். ஆனால் மீதேனுக்காக மாட்டை விடுகிறவர் மீதேனுக்காக விட்டேன் என்று சொல்லட்டும், அகிம்சையின் பெயரைக் கடன் வாங்க வேண்டாம்.

நன்றிதான் காரணம் என்றால் அதற்கும் கணக்கு உண்டு. பால் வற்றிய பசு மேலும் ஏழெட்டு ஆண்டு இருக்கக்கூடும். காளைக் கன்று பால் தரப் போவதேயில்லை, உழவு இயந்திரம் வந்தபின் ஏரும் இழுப்பதில்லை. இன்று வண்ணாத்திவில்லுப் பட்டிக்காரர் இந்த இரண்டையும் விற்றுத்தான் கறவை மாட்டின் செலவைச் சமாளிக்கிறார், வாங்குவது இறைச்சிக்கடைக்காரர். 2020 தீர்மானம் வயதான மாடுகளுக்கு முறையான திட்டம் வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தீனிச் செலவைப் பால் விலையில் ஏற்றினால் லீற்றருக்கு எவ்வளவு கூடும், அந்த விலைக்கு வாங்க எத்தனை பக்தர்கள் முன்வருவார்கள் என்பதைப் பட்டிக்காரர்தான் முதலில் கேட்பார்.