அக்காள் கையிலிருந்த துடைப்பம்

அப்பர் சுவாமிகள் என்றதும் சூலை நோயும் நீற்றறையும் கடலில் மிதந்த கல்லும் நினைவுக்கு வரும். இன்றைக்கு அவரைச் சற்று ஓரமாக நிறுத்திவிட்டு அவருடைய அக்காளைப் பார்ப்போம்.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மூத்த மகள் திலகவதியார். கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் அரசன் ஆணைப்படி வடக்கே போருக்குப் போனார். அந்தச் சமயத்தில் அப்பா காலமானார். அம்மாவும் உடன் போனார். அந்தக் கண்ணீர் காயுமுன்னே போர்க்களத்திலிருந்து சேதி வருகிறது, மாப்பிள்ளையும் இல்லை என்று.

ஒரு பெண் எத்தனையைத்தான் தாங்குவாள்? நானும் உயிரை விடுகிறேன் என்று துணிந்துவிட்டார். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இதை மறைக்கவில்லை. தம்பி மருள்நீக்கியார், அதாவது பின்னாளைய அப்பர், அக்காள் காலில் விழுந்து, நீங்களும் போனால் உங்களுக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்று அழுதார். அந்தப் பிள்ளைக்காக உயிரை வைத்துக்கொண்டார்.

சரி, இனி நல்ல காலம் என்று நாம் கதை கட்டுவோம். வந்ததோ? வளர்ந்த தம்பி சமணத்தில் சேர்ந்தார். பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெற்றார். யாருக்காக இருந்தாரோ அவரும் இல்லை.

அந்த அம்மாள் கெடிலக் கரைக்கு, திருவதிகைக்கு வந்தார். விடியுமுன் எழுந்து கோயில் வாசலைக் கூட்டினார், சாணமிட்டு மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். மறுநாளும் அதே வேலை. அதற்கு மறுநாளும். தம்பியை மீட்டுத் தா என்று அந்தக் கோயில் ஈசன் வீரட்டானேசுவரரிடம் அழாமல் இல்லை. அழுதுகொண்டேதான் கூட்டினார். நம்பிக்கை என்றால் மனசு கலங்காமல் இருப்பது என்று நினைக்கிறோம். கலங்கட்டுமே! துடைப்பம் கையில் இருக்கிறதா?

பதில் வந்த விதம்தான் விசித்திரம். சூலை கொடுத்து ஆட்கொள்வோம் என்று அக்காளின் கனவில் உத்தரவாகிறது. தம்பியின் வயிறு நெருப்பாய் எரிகிறது. (ஒன்று சொல்லிவிடுகிறேன்: பக்கத்து வீட்டுக்காரர் வயிற்றுவலியில் துடித்தால் இது ஈசன் சோதனை என்று போய்ச் சொல்லாதீர்கள். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.) சமண முனிவர்களும் தமக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார்கள், வலி அடங்கவில்லை. தம்பி அக்காளுக்கு ஆள் அனுப்பினார். சமணர் இருக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று அக்காள் சொல்லிவிட்டார். உறுதியைப் பாருங்கள்!

பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் விட்டுவிட்டு, வெள்ளை உடுத்தி, இரவோடு இரவாகத் தம்பி வந்து அக்காள் காலில் விழுந்தார். அன்றைக்கே சொன்னேனே, கேட்டாயா என்று நாமாயிருந்தால் ஆரம்பித்திருப்போம். அக்காளோ ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடிகிற நேரம், கோயில் கூட்டுகிற நேரம். துடைப்பத்தையும் சாணத்தையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, வா என்று தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு நடந்தார். அங்கேதான் தம்பியின் முதல் பதிகம் பிறந்தது. பின்னாளில் உழவாரத்தோடு ஊர் ஊராய்ப் புல் செதுக்கினாரே அப்பர், அந்தத் தொண்டை எந்த வீட்டில் பார்த்தார் என்று நான் சொல்ல வேண்டுமா?

அறுபத்துமூவர் வரிசையில் இந்த அம்மாள் இல்லை. ஆனால் திருவதிகைக் கோயிலில் அவருக்குச் சந்நிதி உண்டு. பண்ருட்டிப் பக்கம் போனால் மூலவரை மட்டும் சேவித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். அந்த அம்மாள் முன்னாலும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.