பல்லால் கிழித்த காகிதம்

ஆவடியில் வளர்ந்தவனுக்கு ஆயுதம் ஒன்றும் அதிசயமில்லை. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி எங்கள் ஊர் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான் வெளியே வந்தது. அப்பா அங்கே ஃபிட்டர். வீட்டில் டாங்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் துப்பாக்கியைத் தொட்டது கல்லூரி என்.சி.சி.யில், பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் ஐந்து தோட்டா, அவ்வளவுதான்.

ஆன்சைட்டுக்கு வர்ஜீனியா போனபோது டீமில் ஒருவர் பழைய ராணுவத் துப்பாக்கிகளின் நகல்களைச் சேர்ப்பவர். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். 1853 மாடல் என்ஃபீல்டின் நகல், இத்தாலியில் செய்தது. அசல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு தரப்பும் சுமந்தது. 39 அங்குலக் குழல், நாலு கிலோவுக்கு மேல் எடை. கருமருந்தும் ஈயக்குண்டும் சுற்றிய காகிதப் பொட்டலத்தை நீட்டி, பல்லால் கிழித்தால்தான் முறை என்றார். கிழித்தேன். மருந்தைக் கொட்டி, குண்டை இடிகோலால் தள்ளி, கேப்பைப் பொருத்திச் சுட்டேன். வெள்ளைப் புகை, அழுகிய முட்டை நாற்றம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ரொம்பவே பிடித்திருந்தது.

உதட்டில் ஒட்டிய மருந்தைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. 1857. இதே என்ஃபீல்டு, இதே மாதிரிக் காகிதம். பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியது என்று நம்பி, சிப்பாய்கள் வாய் வைக்க மறுத்த தோட்டா. அவர்கள் உயிரைக் கொடுத்து மறுத்ததை நான் வாரக்கடைசி ஜாலிக்காகச் செய்துவிட்டேன். (இவர் பூசியிருந்தது தேன்மெழுகு. கேட்டுத் தெரிந்துகொண்டேன்.)

அவருடைய வாதம் எளிது: இந்த நகல் காகித இலக்கைத் தவிர எதையும் துளைத்ததில்லை, அதனால் குற்றமில்லாதது. ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எந்தப் போருக்கும் போகாத ஒரு துப்பாக்கியின் நகலை அவர் காசு கொடுத்து வாங்குவாரா? அசலில் ரத்தம் இருப்பதால்தானே நகலுக்கு மவுசு? எங்கள் தொழிலில் ஒரு புராஜெக்டை ஃபோர்க் செய்தால் பழைய கமிட்டுகளும் கூடவே வந்துவிடும். வேண்டாததை மட்டும் விட்டுவிட்டு வர முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்றே ஒரு துப்பாக்கி செய்தார்கள். பார்க்க என்ஃபீல்டு மாதிரியே இருக்கும். குழலுக்குள் சுருள் பள்ளம் மட்டும் இருக்காது. குண்டு சுழலாது, தூரத்தில் குறி நிற்காது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு அசல், நம் ஆளுக்கு நகல். அது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். குறி தப்புகிற துப்பாக்கியை யார் வாங்குவார் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது, சுட்டதைவிட.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"கட்டையும் இரும்பும் சேர்ற எடத்துல இடுக்கு இருந்துச்சா?"

"இல்லப்பா. நகம்கூட நுழையாது."

"நல்ல கைவேலைதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ சுட்டியா?"

"சுட்டேன்பா."

பேப்பரை மறுபடி பிரித்துக்கொண்டார்.